ஊசியும் நூலும் நமது கணக்கும்

(தோட்ட மாதர் சங்க அங்கத்தினர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கிலோ, வீடு, காணி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஊசியையும் நூலையும் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தபோது சிலர் சிரித்தீர்கள். அப்படிச் சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்று கிழிந்த மழைக்கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. கிழிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் விஷயம் விளங்கும்.

போன மழைக்காலத்தில் எங்கள் மலையில் நடந்ததை முதலில் சொல்கிறோம். நம்மில் ஒரு அக்கா, சரிவான மலையில் பின்னேரக் கொழுந்தைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது பையின் தோள்பட்டி அறுந்துவிட்டது. பை உருண்டு கானுக்குள் போனது. அவரும் ஒரு பக்கம் சாய்ந்து தேயிலைச் செடியைப் பிடித்ததால் விழாமல் தப்பினார். கொழுந்து சேறாகிப் போனது. நிறுக்கும் இடத்தில் அதை ஏற்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான். அடுத்த நாள் அந்தப் பையை எடுத்து வந்து நாங்கள் விரித்துப் பார்த்தோம். பைத்துணியில் ஒரு கிழிசல் இல்லை. பட்டியும் புதிது போல இருந்தது. பட்டியைப் பையோடு சேர்த்த தையல் மட்டும் முழுதாகப் போயிருந்தது. நூலை விரலால் இழுத்தோம். நனைந்த கடதாசி போல வந்தது. சட்டை தைக்கும் பருத்தி நூல். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து, லயத்துக்குள் காயாமல் கிடந்து, பூஞ்சணம் பிடித்து உக்கிவிட்டது.

ஒரு சில ரூபா பெறாத நூலால் ஒருவருக்கு அரை நாள் சம்பளம் போனது. கால் முறிந்திருந்தால் என்ன செய்வது? அதனால்தான் இந்தப் பேச்சு.

உங்கள் உடுப்பைத் திருப்பிப் பாருங்கள்

மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாமான்களில் பாதி நாமே தைப்பவை. இடுப்பில் கட்டும் படங்கு, கொழுந்துப் பை, தலையில் போடும் கொங்காணி, அட்டைக்குப் பயந்து காலில் மாட்டும் காலுறை. கடையில் வாங்கினதும் ஆறு மாதத்தில் நம் கையால் ஒட்டுப் போடப்பட்டு நம்முடைய தையலாகிவிடுகிறது.

வீட்டுக்குப் போனதும் பழையவற்றைத் திருப்பிப் பாருங்கள். நடுத்துணி கிழிந்தது குறைவாக இருக்கும். பிரிந்தது பெரும்பாலும் தையல் ஓடிய இடமாக இருக்கும். அது இரண்டு விதமாகக் கெடும். நூல் அறுந்து தையல் பிரிவது ஒன்று. நூல் நன்றாக இருக்க, ஊசி போட்ட ஓட்டை வழியே துணி முத்திரை கிழிப்பது போலக் கிழிவது மற்றது. முதலாவது நூலின் பிழை. இரண்டாவது ஊசியின் பிழை, அல்லது தையலை மிக நெருக்கமாகப் போட்டதின் பிழை. எந்தப் பிழை என்று பார்த்தபின்தான் திருத்த வேண்டும்.

முதலில் நூல்

பருத்தி நூலைப் பற்றி ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். அது நனைந்த உடனே பலம் குறையும் நூல் அல்ல. நனைந்தபடியே நாட்கணக்கில் கிடந்தால்தான் உக்கும். மேற்குச் சரிவில் அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் மழை. ஊவாப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் வாடை மழை. அந்த மாதங்களில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாலும் படங்கு முழுதாகக் காயாது. ஆகவே மலைச் சாமானுக்குப் பருத்தி நூல் வேண்டாம். வீட்டில் உடுத்தும் பாவாடை சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு ஏற்றது பொலியெஸ்டர் நூல். தண்ணீரில் உக்காது, நனைந்தாலும் பலம் குறையாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். நைலோன் நூல் அதைவிடப் பலம் என்று சொல்வார்கள். இழுத்தால் நீளும், திடீர் இழுவையைத் தாங்கும், உண்மைதான். ஆனால் நனைந்தால் பலம் சற்றுக் குறையும், தினமும் வெயிலில் கிடந்தால் பொலியெஸ்டரைவிட விரைவாக நைந்துவிடும். மழையும் வெயிலும் மாறி மாறி விழும் மலைக்குப் பொலியெஸ்டரே பொருத்தம்.

சிலர் தங்கூசியால் தைக்கிறீர்கள். மீன் பிடிக்கும் அந்த ஒற்றை இழை நைலோன் பலமானதுதான். ஆனால் வழுவழுப்பானது, முடிச்சு நழுவும். விறைப்பாக இருப்பதால் பாரம் ஏறும்போது துணியைக் கத்தி போல வெட்டும். அவசரத்துக்கு மலையில் ஒரு கட்டுக் கட்டலாம். பட்டி தைக்க அது ஆகாது.

கடையில் நூல் கட்டையில் எழுத்து ஒன்றும் இல்லையென்றால் எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சாண் நூலை வாங்கி, கடைக்கு வெளியே வந்து தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி கடதாசி போல எரியும், கடதாசி எரிந்த வாசம் வரும், ஊதினால் சாம்பல் பறக்கும். பொலியெஸ்டரும் நைலோனும் எரிவதற்கு முன் உருகிச் சுருங்கி, ஆறியபின் கறுத்த கடுமையான மணியாக நிற்கும். உருகும்போது சொட்டு கையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது நூலின் பருமன். பெரிய நூல் கோனில் 'டிக்கெட்' என்பதைச் சுருக்கி ஓர் இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். இலக்கம் கூடக் கூட நூல் மெல்லியது. 120 என்பது சட்டை, சாறி பிளவுஸ் தைக்கும் நூல். 75 அல்லது 80 என்பது நடுத்தரம். 40 என்பது தடித்த நூல்; ஒரே வகை நூலில் 120ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பாரம் தாங்கும். 20, 30 இலக்க நூல்கள் அதைவிடத் தடிப்பு. வீட்டு மெசின் அவற்றோடு மல்லுக்கட்டும். அவை கைத்தையலுக்கும் பெரிய மெசினுக்கும் உரியவை.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பல்ல. நம்முடைய பிள்ளைகள் எத்தனையோ பேர் கட்டுநாயக்காவுக்கும் கொழும்புக்கும் கார்மென்ட் வேலைக்குப் போய் வந்தவர்கள். 1978 இல் அந்த வலயம் தொடங்கியதற்குப் பிறகு மலையகத்திலிருந்து போய் மெசினில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நூல் இலக்கமும் ஊசி இலக்கமும் மனப்பாடம். பக்கத்து லயத்தில் அப்படி ஒரு தங்கை இருந்தால் அவரிடம் கேளுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் உடுப்பைத் தைத்த கைகள், தம்முடைய தாயின் கொழுந்துப் பையைத் தைக்க அழைக்கப்படாமல் இருப்பது நமக்குத்தான் நட்டம்.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். கடையின் கண்ணாடியோரம் வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த கட்டையை எடுக்காதீர்கள். ஓர் அடி நூலை இரு கையிலும் சுற்றி இழுங்கள். எதிர்ப்பே காட்டாமல் படக்கென்று அறுந்தால் அது கிழட்டு நூல்.

நூலுக்கு ஏற்ற ஊசி

நூலைத் தெரிந்தபின்தான் ஊசி. மெசின் ஊசிப் பக்கெட்டில் 90/14, 100/16, 110/18 என்று இரட்டை இலக்கம் இருக்கும். முன்னால் இருப்பது ஊசியின் பருமன். 90 என்றால் 0.90 மில்லிமீற்றர், 110 என்றால் 1.10 மில்லிமீற்றர். பின்னால் இருப்பது பழைய இலக்கம். கடைக்காரர் பேசுவது இதைத்தான். நூலில் இலக்கம் கூடினால் மெல்லியது. ஊசியில் இலக்கம் கூடினால் தடிப்பு. இரண்டும் எதிரெதிர். இதை மறக்க வேண்டாம்.

120 நூலுக்கு 11 முதல் 14 வரையான ஊசி போதும். 75, 80 நூலுக்கு 14 அல்லது 16. 40 நூலுக்கு 18 அல்லது 19. தடித்த நூலை மெல்லிய ஊசியில் கோத்தால், ஊசி இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் காதில் உராய்ந்து நூல் பஞ்சு பஞ்சாகப் பிரியும். மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் கோத்தால் ஓட்டை பெரிதாகும், தையல் தளர்ந்து நிற்கும், மழைத் தண்ணீர் அந்த வழியே இறங்கும்.

பொருத்தம் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஊசியை மெசினில் மாட்டுவதற்கு முன் ஒரு முழ நூலை அதன் காதில் கோருங்கள். நூலின் ஒரு நுனியை மேலேயும் மறு நுனியைக் கீழேயும் பிடித்துச் சரிவாக விறைப்பாக நிறுத்துங்கள். ஊசி தன் பாரத்தாலேயே வழுக்கிக் கீழே வர வேண்டும். நடுவில் சிக்கி நின்றால் ஊசி சிறிது. ஓர் இலக்கம் கூட்டுங்கள்.

ஊசியின் தலையையும் பார்க்க வேண்டும். வீட்டு மெசினுக்கும் பழைய காலால் மிதிக்கும் கறுப்பு மெசின்களில் பெரும்பாலானவற்றுக்கும் ஒரு பக்கம் தட்டையான தலை, பக்கெட்டில் எச்.ஏ.எக்ஸ் 1 என்று இருக்கும். கார்மென்ட் மெசின் ஊசி உருண்டைத் தலை, அதில் டி.பி.எக்ஸ் 1 என்று இருக்கும். ஒன்றை மற்றதில் மாட்டினால் தையல் விழாது, மெசினும் கெடும். மாட்டும்போது ஊசியின் நீளப் பள்ளம் நூல் கோக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஊசியை மேலே முட்டும் வரை தள்ளி இறுக்குங்கள்.

முனையிலும் வகை உண்டு. சாதாரண முனை பெரும்பாலான வேலைக்குப் போதும். கன்வஸ், ஜீன்ஸ் துணி போன்ற நெருக்கமான தடித்த துணிக்கு ஜீன்ஸ் ஊசி நல்லது. முனை கூர், தண்டு உறுதி. டீசேட் துணிக்கான உருண்டை முனை நமக்கு வேண்டாம். தோல் ஊசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் முனை சிறு கத்தி. உண்மையான தோலுக்கு, உதாரணமாகக் கவ்வாத்துக் கத்தியின் தோல் உறைக்கு, அது சரி. ரெக்சினுக்கோ பட்டிக்கோ போட்டால் ஒவ்வொரு தையலிலும் இழையை வெட்டிக்கொண்டே போகும். தைத்து முடித்ததும் பார்க்க அழகாக இருக்கும். பாரம் ஏறிய அன்றைக்குக் கிழியும்.

ஊசியும் தேயும். ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் ஓடினால் மாற்ற வேண்டும். தரப்பாளும் உரச்சாக்கும் தைத்தால் அதற்கு முன்பே. துணியில் இறங்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டால் முனை போய்விட்டது. உடைந்த ஊசித் துண்டு கிடைக்கும் வரை அந்த இடத்தை விட்டு எழும்பாதீர்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் தரையில்தான் படுக்கிறார்கள்.

ஒவ்வொரு சாமானாக

இனி நம்முடைய சாமான்களுக்கு வருவோம்.

படங்கு. தரப்பாள் அல்லது ரெக்சின் துண்டில் தைப்பது. பூச்சுப் போட்ட துணியில் விழுந்த ஓட்டை திரும்ப மூடாது. ஆகவே தாங்கக்கூடிய அளவில் மெல்லிய ஊசி: 75 நூல், 14 அல்லது 16 ஊசி. தையலின் நீளம் 3.5 முதல் 4 மில்லிமீற்றர் வரை. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்காதீர்கள். அது கிழிக்கக் கோடு போட்டுக் கொடுப்பது. குண்டூசி குத்த வேண்டாம்; உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடியுங்கள். மெசின் பாதம் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே ஒரு மெல்லிய கடதாசித் துண்டை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்து எடுங்கள். இடுப்புக் கயிறு கோக்கும் விளிம்பை இரண்டு தரம் மடித்து இரண்டு வரி தையுங்கள்.

கொழுந்துப் பை. இதில்தான் உயிர் இருக்கிறது. ஒரு நாள் பேருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கேட்கிறார்கள். அந்தப் பாரமெல்லாம் பட்டியின் நுனியில் உள்ள நான்கு விரல் தையலில் தொங்குகிறது. பட்டி நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள், பிரியாது. குறைந்தது 5 சென்ரிமீற்றர் பையின் மேல் படியட்டும். அங்கே ஒரு சதுரம் தைத்து, அதற்குள்ளே பெருக்கல் குறி போட்டுத் தையுங்கள். ஒற்றைக் கோட்டுத் தையல் ஒரு முனையில் அறுந்தால் வரிசையாக அறுந்துகொண்டே போகும். சதுரமும் பெருக்கல் குறியும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நூல் 40, ஊசி 18. மெசின் அதை இழுக்க மறுத்தால் மல்லுக்கட்டாதீர்கள். 75 நூலில் இரண்டு வரி தையுங்கள்; முக்கிமுனகிப் போட்ட ஒரு வரித் தடித்த தையலைவிட ஒழுங்காக விழுந்த இரண்டு வரி மேல். பொபினிலும் மேலேயும் ஒரே வகை நூல் இருக்க வேண்டும். மேலே பொலியெஸ்டரும் கீழே மிச்சமிருந்த பருத்தி நூலும் போட்டால் கீழ் நூல் உக்கிய அன்றைக்குத் தையல் முழுதும் போகும். அந்த அக்காவின் பையைத் தவிர வேறு இரண்டு பைகளிலும் இதையே கண்டோம். தடித்த மடிப்பு வரும்போது மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் அடித்து உடையும்.

உரச்சாக்கில் பை தைப்பவர்களுக்கு: அந்தப் பிளாஸ்டிக் நாடா நெசவு ஓரத்தில் சரசரவென்று பிரியும். வெட்டிய ஓரத்தை மூன்று மடிப்பாக மடித்துத் தையுங்கள். பட்டி சேரும் இடத்தில் உள்ளே ஒரு கன்வஸ் துண்டு வையுங்கள். வெயில் பட்டு விரலுக்குள் பொடியாக உதிரத் தொடங்கிய சாக்கை எந்த நூலாலும் காப்பாற்ற முடியாது. நாசினி வந்த பையையோ சாக்கையோ ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கொங்காணியும் மழைக்கோட்டும். நம் லயத்துக் கூரைத் தகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் படிந்திருப்பதால்தான் தண்ணீர் வழிகிறது. தையலும் அப்படித்தான்: மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் படிய வேண்டும். மாறிப் போட்டால் மடிப்பு பீலியாகித் தண்ணீரை உள்ளே வாங்கும். உச்சந்தலையிலும் தோளிலும் தையல் வராமல் வெட்டுங்கள். துணிக் கோட்டாக இருந்தால் தையல் மேல் மெழுகுதிரியை அழுத்தித் தேயுங்கள். பிழையாகப் போன தையலைப் பிரித்து அதே ஓட்டையின் பக்கத்தில் மறுபடி தைக்க வேண்டாம். ஒரு பட்டைத் துண்டை மேலே வைத்து மூடித் தையுங்கள்.

அட்டைக் காலுறை. இங்கே கதை தலைகீழ். பாரம் இல்லை, எதிரி மெல்லியது. நெருக்கமான நெசவுத் துணி, 120 நூல், 11 அல்லது 12 ஊசி, நெருக்கமான சிறு தையல். தடித்த ஊசி போட்டால் அட்டைக்கு வாசல் வைத்துக் கொடுத்த மாதிரி. ஒரு வரி தைத்து, ஓரத்தை உள்ளே மடித்து மறு வரி தைத்தால் பாதத்திலும் உறுத்தாது.

மெசின் இல்லாதவர்களுக்கு

மெசின் இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பட்டித் தையலுக்குக் கைத்தையல் மெசினுக்குக் குறைந்ததல்ல. சாக்கு ஊசி ஒன்றும், செருப்புத் தைப்பவர் பாவிக்கும் மெழுகு பிடித்த பொலியெஸ்டர் நூலும் போதும். மெழுகு இல்லையென்றால் மெழுகுதிரியில் நூலை இரண்டு முறை இழுங்கள். ஒரே நூலின் இரு நுனியிலும் இரண்டு ஊசி கோத்து, ஒரே ஓட்டை வழியே இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறித் தையுங்கள். செருப்புத் தைப்பவர் செய்வது இதைத்தான். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்திருக்கும். மெசின் தையலுக்கு அந்தக் குணம் இல்லை. உள்ளங்கையில் ஒரு தோல் துண்டை வைத்து ஊசியைத் தள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் கைகளைக் குத்திக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.

தைக்கக் கூடாதது

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். மருந்தடிக்கும் தோழர்களுக்கான உடுப்பை நாம் வீட்டில் தைக்கக் கூடாது. மழைக்கோட்டைத் திருத்திக் கொடுத்து "இதைப் போட்டுக்கொண்டு அடி" என்று வீட்டு மனிதரை அனுப்பக் கூடாது. நம் தையலின் ஒவ்வொரு ஓட்டையும் மருந்து உள்ளே போகும் வழி. கையுறை, முகமூடி, உடுப்பு எல்லாவற்றையும் நிர்வாகம் தர வேண்டும். தராவிட்டால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அதற்கு ஊசி நூல் மருந்தல்ல.

கணக்கு யாருடையது?

இப்போது நீங்கள் கேட்க நினைப்பதை நாங்களே கேட்கிறோம். வேலைக்குத் தேவையான பையையும் படங்கையும் நாமே நம் காசில் தைத்தால், தோட்டத்துக்கு வேலை லேசாகிவிடாதா? "பெண்கள்தான் தைத்துக்கொள்கிறார்களே" என்று சொல்லிவிட மாட்டார்களா?

சொல்வார்கள். நம் பாட்டன் பாட்டி காலத்தில் கறுப்புக் கம்பளியைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் விலையைச் செக்றோலில் பற்று எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்கள். மழையில் நனைந்து வேலை செய்தது தோட்டத்துக்கு. நனையாமல் இருக்கும் செலவு தொழிலாளிக்கு. அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. அதற்காக எத்தனை நாள் வீதியில் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி வாங்கிய சம்பளத்திலிருந்து ரெக்சினுக்கும் பட்டிக்கும் நூலுக்கும் திரும்பக் கொடுத்தால், நம் ஒரு கை வாங்கியதை மறு கை கொடுத்துவிடுகிறது.

அதற்காக உக்கிய நூலில் பாரத்தைத் தொங்கவிட்டு மலையில் இறங்க முடியுமா? முடியாது. நாளைக்கும் மழை பெய்யும். ஆகவே நாம் தைப்போம். ஆனால் கணக்கு வைத்துத் தைப்போம். மாதர் பிரிவு நான்கு காரியம் கேட்கிறது.

முதலாவது, நூலைக் கூட்டாக வாங்குவோம். மெசின் தையலுக்குத் தையலின் நீளத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் போகும். ஒரு பையில் 6 மீற்றர் தையல் என்றால் 18 மீற்றர். வீண் போவதையும் சேர்த்து 20 மீற்றர். 1,000 மீற்றர் நூலில் ஐம்பது பை தைக்கலாம். சின்னக் கட்டைகளாக ஆளுக்கொன்று வாங்குவதைவிட, லயத்துக்கு ஒரு கோன் வாங்கிப் பங்கு போட்டால் செலவு குறையும், நல்ல நூலும் கிடைக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி. ரெக்சின், பட்டி, நூல், ஊசி, தையற்கூலி, எந்தத் தேதியில் எவ்வளவு ரூபா. பற்றுச்சீட்டு இருந்தால் உள்ளே வையுங்கள். எழுத முடியாத அக்காவுக்கு வீட்டுப் பிள்ளை எழுதட்டும். பேச்சுவார்த்தை மேசையில் "செலவு அதிகம்" என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. நூறு கொப்பியை வைத்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, பட்டி அறுந்து, கோட்டுத் தடுக்கி, யாராவது விழுந்தால் அன்றைக்கே வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். தோட்டத் தலைவரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். வேலையில் ஏற்படும் விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் பதியாத விபத்தை நிரூபிப்பது கஷ்டம். அறுந்த பட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

நான்காவது, புதுப் பையைத் தைத்து முடித்ததும் ஒரு தராசில் நிறுத்துப் பாருங்கள். காய்ந்த பை எத்தனை கிராம், நனைந்த பை எத்தனை கிராம் என்று இரண்டு இலக்கத்தையும் கண்ணுக்குத் தெரியும் நிறநூலால் பையின் வெளிப்பக்கத்தில் தைத்து வையுங்கள். தண்ணீருக்கு, பைக்கு என்று கிலோக் கணக்கில் வெட்டும் இடங்கள் இருக்கின்றன. அங்கே பையைத் திருப்பிக் காட்டி, "இதுதான் என் பையின் நிறை, சந்தேகம் என்றால் இப்போதே நிறுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். வரிசையில் நிற்கும் எல்லோருடைய பையிலும் இலக்கம் இருந்தால் பதில் சொல்ல வேண்டி வரும்.

அந்த அக்கா இன்று இங்கே இருக்கிறார். அவருடைய புதுப் பையைத்தான் மேசையில் வைத்திருக்கிறோம். 40 நூல், 18 ஊசி, பட்டி நுனியில் சதுரமும் பெருக்கல் குறியும். வெளிப்பக்கத்தில் சிவப்பு நூலில் அதன் நிறை. பக்கத்தில் அறுந்த பழைய பட்டியும் இருக்கிறது. இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். தேநீர் குடித்ததும் முன்வரிசை அக்காமாரின் மழைக்கோட்டில் தொடங்குவோம். மெசின் அந்த மூலையில் தயாராக இருக்கிறது. ஊசியை இப்போதுதான் மாற்றினோம்.